பதினேழாம் நம்பர் சப்போட்டா

பதினேழாம் நம்பர் சப்போட்டா மரம் நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை மட்டும் நின்றது. மகள் வீட்டிலிருந்து அன்று காலைதான் திரும்பிய தோப்புக்காரர், கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் அதை இரண்டு முறை சுற்றிவந்தார். இரண்டாவது சுற்றிலும் அது கட்டையாகவே இருந்தது.

மனைவிதான் வெட்டியிருக்க வேண்டும். மகள் வீட்டுக்கு அவள் முதலில் போக, இவர் பின்னால் தனியாகக் கிளம்பியபோது மரம் நின்றுகொண்டிருந்தது; அங்கிருந்து இரண்டு நாள் முன்னதாகத் திரும்பியவள் அவள்தான். அந்த மரத்தின் கிளை தண்ணீர்த் தொட்டியில் இடிக்கிறது என்று ஒரு வருடமாக முணுமுணுத்துக்கொண்டும் இருந்தாள்.

கேட்டிருக்கலாம், மனம் வரவில்லை. வெறும் தென்னையாக இருந்த தோப்பில் இடைவெளியெல்லாம் மா, கொய்யா, சப்போட்டா, பலா என்று நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தவள் அவள். தென்னை நோயில் படுத்த இரண்டு வருடமும் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பழங்களால்தான். அந்த நன்றி அவருக்கு நெஞ்சு நிறைய இருந்தது. ஒரு மரத்துக்காக அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்பதாவது!

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தென்னையும் பழமரமும் கலந்த தோப்பு காற்றிலிருந்து எவ்வளவு கார்பனை இழுத்து மரத்தில் சேர்த்துவைக்கிறது என்று அங்கே மூன்று வருடமாக ஆய்வு நடந்தது. பழமரங்களுக்கு ஒன்று முதல் நாற்பது வரை வெள்ளை பெயிண்டில் நம்பர். கடைசி அளவெடுப்பு அன்று மத்தியானம். ஆய்வு முடிவு நன்றாக வந்தால் சரி, இல்லையென்றால் தென்னை தவிர எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன் என்று தோப்பில் பாதிப் பங்குள்ள அண்ணன் சொல்லியிருந்தார். மரம் குறைந்து ஆய்வே நின்றுபோனால், அவள் வளர்த்தது அத்தனையும் போச்சு.

தோப்புக்காரர் பெயிண்ட் டப்பாவை எடுத்தார். பக்கத்துக் கொய்யாவின் பதினெட்டைச் சுரண்டிப் பதினேழு ஆக்கினார். இப்போது பதினெட்டைக் காணவில்லை. பத்தொன்பதைப் பதினெட்டு ஆக்கினார். இப்படியே போய் நாற்பது வந்தபோது மரம் தீர்ந்துவிட்டது. குளியலறை ஓரத்தில் தானாக முளைத்த நாலு மாதப் பப்பாளிக்கு நாற்பதாம் நம்பர் பதவி கிடைத்தது.

மனைவி டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது.

அளவெடுக்க வந்த பெண் வேலைக்குப் புதுசு. அவள் கையில் மூன்று வருடப் பழைய பட்டியல் இருந்தது. எப்போதும் வரும் டிரைவர் வண்டியை நிழலில் நிறுத்தப் போனார்.

"பதினேழு சப்போட்டான்னு இருக்கு. இது கொய்யா மாதிரி இருக்கே?"

"எல்லா மரமும் ஒண்ணா வளருதில்லையா, சேர்க்கை அப்படி" என்றார் தோப்புக்காரர்.

இருபத்திரண்டாம் நம்பர் மாமரம் மூன்று வருடத்தில் ஒரு சாண் இளைத்திருந்தது. மனைவி முந்திக்கொண்டு, வெயில் காலத்தில் மா கொஞ்சம் வற்றத்தான் செய்யும் என்றாள். அவள் இப்படிக் கைகொடுத்த தெம்பில் அவர் அவசரமாக அடுத்த மரத்தைக் காட்டினார்.

பட்டியலில் பலாவாக இருந்த நாற்பதாம் நம்பர், பப்பாளியாக நின்றதைப் பார்த்ததும் அந்தப் பெண் டேப்பைச் சுருட்டினாள். அவள் உள்ளங்கை முழுக்க ஈர பெயிண்ட்.

"உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா தோப்பையே ஆய்விலேருந்து எடுக்கச் சொல்லிடுவேன்."

தோப்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "பதினேழை வெட்டினது நான்தாம்மா. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அவர் சொல்றதை எழுதாதீங்க" என்றாள் மனைவி. "வெட்டினது நான்."

முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரு தப்புக்கு இரண்டு பேரும் போட்டி போட்டது அதுதான் முதல் தடவை. எதை எழுதுவது என்று தெரியாமல் அந்தப் பெண் பேனாவோடு நின்றாள்.

வண்டியிலேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்த டிரைவர், இரண்டு பேர் சொன்னதும் காதில் விழ, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதினேழா? ஆரம்பத்துல ஐயா கையெழுத்துப் போட்ட ஃபாரத்துல இருக்கிறபடி, கார்பன் கணக்குக்கு ஒரு மரத்தை எடை போட்டுப் பார்க்கணும்னு போன வாரம் வீடு பூட்டியிருந்தப்போ நாங்கதானே அதை வெட்டி ஏத்திட்டுப் போனோம்?"