தவராஜா கேளாத கேள்விகள்

"முப்பத்திரண்டு வருசம் சுவிசிலை இருக்கிறன். ஒருத்தரிட்டையும் ஒரு கேள்வி கேட்டதில்லை. தெரியாதது எண்டு ஒண்டு இருந்தால்தானே கேக்கிறதுக்கு!"

தவராஜா ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இப்படி முழங்கினார். யாரும் மறுக்கவில்லை. மறுக்க அவர் இடம் விடவில்லை என்பதுதான் உண்மை.

வாசகரே, கேளாதார் என்றொரு இனம் உண்டு. வழி தவறினால் இவர் வழி கேட்கமாட்டார். விருந்தினரையும் இழுத்துக்கொண்டு சூரிச்சில் ஒரு மணி நேரம் அலைந்து, புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வந்து, "ஊரைக் காட்டத்தான் சுத்தினனான்" என்பார். வைத்தியரிடம் போனால் நோயைச் சொல்லமாட்டார், மருந்தைச் சொல்வார். தவராஜா இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பதிவுப் படிவத்தில் எந்தக் கட்டத்துக்குள் எந்தப் பெயர் என்று பக்கத்தில் நின்றவரைக் கேளாமல் தானே நிரப்பினார். அன்றிலிருந்து வேலையிடத்தில் எல்லோரும் அவரை அழைப்பது காலஞ்சென்ற தகப்பனாரின் பெயரால். அதற்கென்ன? "அது அப்பாவுக்கு நான் குடுக்கிற மரியாதை."

இப்படிப்பட்டவர்தான், சுவிசின் கூர் என்ற நகரத்துச் சிறிய நூதனசாலைக்கு வந்த எகிப்துக் கண்காட்சியைப் பார்க்க, மனைவி சுகந்தியும் தெரிந்த பத்துப் பேரும் சூழ, ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்தருளினார்.

அங்கே அவர்களுக்குச் சுற்றிக்காட்ட நின்றவள் பிரபாலினி. தொல்லியல் படித்துவிட்டு, ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மேசைகளைத் துடைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை. தமிழில் சுற்றிக்காட்டுகிறேன் என்று அவளே கேட்டு வாங்கிய சோதனை நாள் இது. தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் மறுபடியும் மேசைத் துணி. பொறுப்பாளர் காசூட் அம்மையார் குறிப்பேடும் கையுமாகப் பின்னால் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஆட்கள் கேள்வி கேட்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். கேள்வி கேளாத கூட்டம் தூங்குகிற கூட்டம்."

நம்மவர்களாவது, பொது இடத்தில் கேள்வி கேட்பதாவது!

முதல் சிலை, சம்மணமிட்டு, மடியில் சுருள் விரித்து, தொந்தி மடிப்பு மடிப்பாக விழ உட்கார்ந்திருந்த ஒரு மனிதர். பிரபாலினி வாயைத் திறக்குமுன் தவராஜா திறந்துவிட்டார்.

"இது யோகி. பத்மாசனம். எங்கட ஆக்கள் போய்ப் பழக்கினது. கண்ணைப் பாருங்கோ, தியானம்."

"தியானத்திலை இருக்கிறவருக்கு உவ்வளவு வண்டியோ அண்ணை?" என்று தொந்தியைக் காட்டினார், கூட்டத்தில் வந்த குகதாசன்.

"அது மூச்சடா! உள்ளுக்கு இழுத்து வைச்சிருக்கிறார்."

காசூட் அம்மையார் பிரபாலினியின் தோளுக்கருகே வந்தார். "என்ன சொல்கிறார்?"

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தவராஜா மாமா சொல்வது பிழை என்று சபையில் சொன்னால், வெள்ளிக்கிழமை திரிம்பாக் ஊர்த் தமிழ்க் கோயிலில் பூசை முடிவதற்குள் அவளுடைய அம்மாவின் வளர்ப்பு விசாரிக்கப்படும். சொல்லாவிட்டால் வேலை போகும். பிரபாலினி அம்மையார் பக்கம் திரும்பினாள். பிறகு ஜெர்மனில் சொன்னாள்: "இவர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கிறார்."

"அருமை!" குறிப்பேட்டில் பேனா ஓடியது.

கேள்வி என்று ஒன்று பதிவாகிவிட்டால் பதிலும் வேண்டுமே. "மாமா சொன்னதோடை இதையும் சேருங்கோ," என்று பிரபாலினி தமிழுக்குத் திரும்பினாள். "இவர் எழுத்தர். அரசாங்கத்துக்கு எழுதிறவர். மடியிலை இறுகின துணிதான் மேசை. வண்டி, நல்லாச் சாப்பிட்டு வசதியா வாழ்ந்தவர் எண்டதுக்கு அடையாளம்."

சிங்க முகத்துப் பெண் தெய்வத்தின் முன் தவராஜா, "நரசிம்மர்!" என்று அறிவித்தார். சுகந்தி அவசரமாகக் கைகூப்பினார். அது காசூட் அம்மையாருக்கு, "இந்தத் தேவி யார் என்று கேட்கிறார்" என்று போய்ச் சேர்ந்தது. முப்பது வருடம் இந்த நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இந்த ஜெர்மன் விளங்காதா? கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. தவராஜாவுக்கு மட்டும் எதுவும் தெரியாது. தான் கதைக்கும்போது பிறர் கதைப்பது இந்த இனத்துக்குக் கேட்பதில்லை. தான் கதைக்காத நேரமோ கிடையாது.

கடைசியாகக் கல்லெழுத்து; பறவையும் பாம்புமாகச் செதுக்கிய எகிப்துச் சித்திர எழுத்து. தவராஜா தொண்டையைச் செருமினார். இடப்பக்கத்திலிருந்து விரலை ஓட்டினார்.

"கடல் கடந்து... கப்பலோடை வந்த... எங்கட மன்னன்... ஆயிரம் பகைவரை வெண்டு..."

"எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று கேட்கிறார்," என்றாள் பிரபாலினி ஜெர்மனில். பிறகு தமிழில்: "மாமான்ரை வாசிப்பு ஒண்டு. இஞ்ச படிச்ச ஆக்கள் வாசிக்கிறது வேறை. பறவையள் எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கத்திலை இருந்துதான் தொடங்கிறது. இதிலை எல்லாம் வலப்பக்கம் பாக்குது. முதல் பாத்த எழுத்தர் தன்ரை கல்லறையிலை எழுதுவிச்சது இதுதான்: 'இவ்வழியே போகிறவர்களே, எனக்காக ஆயிரம் பாண், ஆயிரம் குவளை பியர் என்று வாயால் சொல்லுங்கள்.' சொன்னால் அவருக்குப் போய்ச் சேருமாம்."

"அப்ப அண்ணை, கப்பலிலை வந்தது பியர் மட்டும்தானோ?" என்றார் குகதாசன். சபை வெடித்தது.

காசூட் அம்மையார் நேரே தவராஜாவிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஐயா, இத்தனை வருடத்தில் இவ்வளவு கேள்வி கேட்ட ஒரு பார்வையாளரை நான் கண்டதில்லை. நன்றி."

சிரிப்பு நின்றது. இந்த ஜெர்மன் அவர் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. கேளாமல் இருக்க வழியில்லை. தவராஜாவின் புருவம் உயர்ந்தது. நானா? கேள்வியா? 'நான் கேட்டதில்லை' என்று அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பிரபாலினி ஹோட்டலுக்குத் திரும்பலாம். சுகந்தியின் இரண்டு விரல்கள் கணவரின் முழங்கைச் சதையைத் தேடிப் பிடித்தன. "இஞ்சருங்கோ," என்றார் மெல்ல. "ஓம் எண்டு சொல்லுங்கோ."

கிள்ளலா, கிடைத்த பாராட்டை விட மனமில்லாமையா, தெரியாது. தவராஜா தலையைச் சற்றே சாய்த்து, "யா, யா," என்றார்.

"அடுத்த மாதத்திலிருந்து வா," என்றார் காசூட் அம்மையார் பிரபாலினியிடம்.

இவ்வளவையும் வாசித்து, 'இது எங்கட இன்னார்தான்' என்று சிரித்தீர்கள் அல்லவா? கவனம். தன்னைத் தவிர மற்ற எல்லோரையும் அடையாளம் காண்பதுதான் இந்த இனத்தின் முதல் அடையாளம். பறவையின் முகம் பார்த்து வாசிக்கவேண்டும் என்ற இடத்தில், 'ஓம், தெரியும்' என்று தலையாட்டியவர்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

கூட்டம் கோப்பி குடிக்கப் போனது. மறந்துவைத்த தாள்களை எடுக்க வந்த பிரபாலினி, எழுத்தரின் முன் தனியே நின்ற தவராஜாவைக் கண்டாள். அவர் வாசலைப் பார்த்தார். மற்ற வாசலையும் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

"பிள்ளை... உந்த ஆயிரம் பாண் எண்டதை, நான் தமிழிலை சொன்னாலும் இந்த மனிசனுக்குப் போய்ச் சேருமோ?"