மைக்கைப் பிடித்தேன், குழாயை விட்டேன்

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கிராம சபைக் கூட்டத்துக்குப் போகணும். எங்க தெருக் குழாய் உடைஞ்சிருக்குன்னு சொல்லணும். வீட்டுக்கு வரணும்.

ஒரே ஒரு வாக்கியம். அஞ்சாப்பு படிக்கிற பிள்ளைகிட்ட சொல்லிவிட்டாக்கூட ஒழுங்கா சொல்லிட்டு வந்திருக்கும்.

குழாய் உடைஞ்சு ரொம்ப நாளாச்சு. தண்ணி பூரா ரோட்டுல ஓடுது, வீட்டுக்குள்ள சொட்டு வரல. கூப்பிடு தூரத்துல தாமிரபரணி. என் பொண்டாட்டி செல்வி பக்கத்துத் தெருவுல இருந்து இடுப்புல குடம் சுமக்கா. அந்தத் தெருக்காரங்க மொத நாள் "எடுத்துக்கிடுங்கக்கா"ன்னு சிரிச்சாங்க. இப்ப குடத்தைக் கண்டாலே கதவைச் சாத்துறாங்க.

கிளம்பும்போதே செல்வி சொன்னா: "போனமா, குழாயைச் சொன்னமா, வந்தமான்னு இருக்கணும். அங்கன நின்னு ஊர் நியாயம் பேசப்பிடாது. கேட்டியளா?"

"ஏளா, இது கூடவா எனக்குத் தெரியாது?"ன்னேன்.

தெரியல.

பள்ளிக்கூட மைதானத்துல சாமியானா போட்டிருந்தாங்க. வழக்கமா கிராம சபைக்கு வடைக்குன்னு வர்ற நாலு பேருதான் இருப்போம். அன்னைக்கு நிக்க இடமில்ல! ஊராட்சிக்கு மேம்பாட்டு நிதி வந்திருக்காம். அதை பஜாருக்குச் செலவழிக்கவா, பூங்காவுக்குச் செலவழிக்கவான்னு சண்டை.

எங்க ஊர் பஜார்னா எட்டுக் கடை. அதுல மூணு எப்பவும் பூட்டித்தான் கெடக்கும். பூங்கான்னா ஒரு சறுக்கு மரமும் ஊஞ்சல் கம்பியும். ஊஞ்சல் கிடையாது. மத்தபடி ஆடுகளுக்கு அங்க எந்தக் குறையும் இல்ல.

பஜார் கட்சிக்குத் துணிக்கடை ஜெபமணி அண்ணாச்சிதான் தலை. "பஜார் பூரா கல்லு பதிக்கணும். முகப்புல ஒரு வளைவு வைக்கணும். ஊர் பேரைப் பெருசா எழுதி, பக்கத்துல சிவப்பா ஒரு இதயம். சனங்க நின்னு போட்டோ எடுப்பாவ. வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போவும்!"

பூங்கா கட்சிக்கு ரிட்டயர்டு வாத்தியார் சொக்கலிங்கம் சார். "எட்டு வடிவத்துல நடைபாதை வேணும். நடுவுல செயற்கை நீரூற்று வேணும். நாலு நல்ல ஊரைப் போயிப் பாருங்க!"

"ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு நீரூத்து எதுக்கு வே?"ன்னாரு அண்ணாச்சி.

"எட்டுக் கடைக்கு வளைவு எதுக்கு வே? உள்ள நுழைஞ்சு நிமிந்து பாக்கதுக்குள்ள உம்ம பஜாரே முடிஞ்சு போயிரும்!"

"நடக்கணும்னா ரோட்டுல நடக்க வேண்டியதான? எட்டு போட்டாத்தான் உமக்குச் சுகர் இறங்குமோ?"

"கல்லு பதிச்சாத்தான் உம்ம வேட்டி விக்குமோ?"

ஊராட்சித் தலைவர் கை தூக்கச் சொன்னாரு. எண்ணினா ரெண்டு பக்கமும் சமம். மறுபடியும் எண்ணினா மறுபடியும் சமம். பின்வரிசையில ஒரு ஆளு ரெண்டு பக்கத்துக்கும் கை தூக்கியிருக்கான். கேட்டா, "யாரையும் பகைச்சுக்கிட முடியாதுல்லா?"ங்கான். தலைவருக்கு வேர்த்து ஊத்துது.

அந்த நேரம் பாத்து நான் எந்திரிச்சேன். "தலைவரே, ஒரு சின்ன விஷயம்..."

தலைவருக்கு உயிர் வந்துட்டு. "இந்தா, பொதுவான ஆளு பேசுதாரு! அவருக்கு பஜார்ல கடையும் கிடையாது, நடக்கிற பழக்கமும் கிடையாது. மைக்கைக் குடுலே!"

மைக் என் கைக்கு வந்துச்சு.

இங்கதான் மக்களே நான் விழுந்தேன். காலேஜ் பட்டிமன்றத்துல ரெண்டாம் பரிசு வாங்கின வாய் இது. "குழாய் உடைஞ்சிருக்கு"ன்னு மொட்டையா ஆரம்பிக்க அதுக்கு மனசு வரல. மேடைன்னா ஒரு முறை இருக்குல்லா? இருக்கிறவங்களை எல்லாம் வரிசையா விளிச்சு, ஆளுக்கொரு 'அவர்களே' போட்டுட்டுத்தான் விஷயத்துக்கு வரணும்.

"எங்கள் ஊராட்சியின் விடிவெள்ளி, தலைவர் அவர்களே!"

கைதட்டல். சும்மா சொல்லக்கூடாது, ஜிவ்வுன்னு ஏறிச்சு.

"கணக்கில் புலி, கிளார்க் அவர்களே! என் குரலை ஊருக்கே கேட்க வைக்கும் மைக்செட் உரிமையாளர் அவர்களே! பஜாரின் தூண், ஜெபமணி அண்ணாச்சி அவர்களே!"

பஜார் பக்கம் விசில் பறக்குது. பூங்கா பக்கத்துல இருந்து ஒருத்தன், "ஏலே, இவரு பஜார் ஆளுலே! உக்காரச் சொல்லு!"ன்னான்.

பதறிட்டேன். "பூங்காவின் தென்றல், சொக்கலிங்கம் சார் அவர்களே!"

இப்ப பூங்கா பக்கம் விசில். பஜார் பக்கம் கொதிக்குது. "என்னவே, தீவாளிக்கு அண்ணாச்சி கடையில தள்ளுபடி கேட்டு நிக்கும்போது இந்தத் தென்றல் எங்கன போச்சு?"

ரெண்டு பக்கமும் முறைக்குது. நடுவுல நான். என்ன சொல்ல வந்தேங்கிறது சுத்தமா மறந்துட்டு. வாய் மட்டும் நிக்கல.

"பஜார் நமக்கு வலது கண்! பூங்கா இடது கண்! ஒரு கண்ணுக்கு மை தீட்டிட்டு மறு கண்ணைக் குத்தலாமா? ரெண்டுமே வேண்டும்!"

சாமியானா பிஞ்சிரும் போல கைதட்டு! அண்ணாச்சியும் சாரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க.

தலைவர் துள்ளி எந்திரிச்சாரு. "இதைத்தாம்லே நானும் இவ்வளவு நேரமா நினைச்சேன்! ரெண்டையும் செய்வோம்!"

"அதுக்கு நிதி காணாதே?"ன்னு யாரோ கேட்டாங்க.

கிளார்க் தொண்டையைச் செருமினாரு. "குடிநீர்க் குழாய் பழுதுபாக்க ஒதுக்குனது அப்படியே கெடக்கு தலைவரே. இன்னை வரைக்கும் எந்தத் தெருவுல இருந்தும் புகார் வரல."

"அப்ப அதை எடுத்துக்கிடுவோம். ஏகமனதா நிறைவேறுது!"

எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன். பலமா தட்டினேன். தட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் காதுல விழுந்தது மண்டைக்கு ஏறிச்சு.

"தலைவரே! எங்க தெருக் குழா..."

அதுக்குள்ள அண்ணாச்சி கடையில இருந்து பொன்னாடை வந்துட்டு. சிவப்புல சரிகை போட்டது. போர்த்தி, "சிரியும்வே"ன்னு போட்டோ எடுத்தாங்க. சிரிச்சேன். திரும்ப வாயைத் தொறந்தேன். கிளார்க் தேசிய கீதத்தைப் போட்டுட்டாரு! விறைச்சுக்கிட்டு நின்னேன். அது முடிஞ்சதும் பாத்தா, ஊரே வடை வரிசையில நிக்குது.

சரி, நிதி போனா போவுது, ஆப்பரேட்டர் இசக்கி இருக்கான்லா? ஊருக்கே மோட்டார் போடுறது, வால்வு தொறக்கிறது, குழாய் ஒட்டுறது எல்லாம் அவன்தான். போயி தோள்ல கை போட்டேன். "இசக்கி, நம்ம தெருப் பக்கம் பைய வந்து அந்தக் குழாயை ஒட்டி விட்டுரேன்டே."

அவன் வடையை மென்னுக்கிட்டே என் பொன்னாடையை மேலயும் கீழயும் பாத்தான்.

"அண்ணாச்சி, கிளார்க்கை 'அவர்களே'ன்னிய. வாத்தியாரை 'அவர்களே'ன்னிய. மைக்செட்டுக்காரனைக்கூட 'அவர்களே'ன்னிய. நான் முன்வரிசையில உம்ம மூக்குக்கு நேரா உக்காந்திருந்தேன். ஊருக்குத் தண்ணி விடுதவன் கண்ணுக்குத் தெரியல. இப்ப குழாய் ஒட்ட மட்டும் தெரியுதோ?"

"இசக்கி அவர்களே!"ன்னேன்.

"இங்கன சொல்லி என்ன செய்ய? மைக்குல சொல்லணும்."

திரும்பிப் பாத்தேன். மைக்செட்டை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு இருந்தாங்க.

வீட்டு வாசல்ல செல்வி குடத்தோட நிக்கா. பொன்னாடையைப் பாத்தா.

"என்னதிது?"

"பேசினேம்ளா. ஊரே கைதட்டிச்சு."

"குழாயைச் சொன்னியளா?"

"நான் சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள தேசிய கீதம் போட்டுட்டாங்க."

அவ குடத்தை இறக்கி வச்சுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நெசமாவே எனக்கு வெக்கமாப் போச்சு. எல்லாருக்கும் அடைமொழி தேடின வாய்க்கு, இவளுக்காக அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வரலியே.

செல்வி என் பக்கத்துல வந்தா. என் தோள்ல கிடந்த பொன்னாடையை உருவினா. நேரா தெருவுக்குப் போயி, உடைஞ்ச குழாயில அதைச் சுத்தோ சுத்துன்னு சுத்தி, கொடிக்கயிறை வச்சு இறுக்கிக் கட்டினா. நான் தடுக்கல. தடுக்கிற நிலைமையில நான் இல்ல.

தண்ணி நின்னுச்சு! அரை நிமிஷம். அதுக்கப்புறம் சரிகை இடுக்கு வழியா நாலு பக்கமும் சன்னம் சன்னமா பீச்ச ஆரம்பிச்சுது. சாயங்கால வெயில் பட்டு, சொல்லப்போனா பாக்க அழகாத்தான் இருந்துச்சு.

அந்தப் பக்கமா கையை வீசி நடந்து வந்த சொக்கலிங்கம் சார் அப்படியே நின்னுட்டாரு.

"அட! நீரூத்து அதுக்குள்ள வந்துட்டா வே? யாரு போட்டது?"

செல்வி என்னைப் பாத்தா.

"ஏகமனதா போட்டது சார்"ன்னேன்.