முதல் பங்குக் கவரும் ஊதா நாக்கும்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் டயர் கடைத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. டயர் வாங்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். டயர் கடைக்கு மேல்மாடியில்தான் கூட்டம். அந்தப் பெரிய கூடம் முன்பு கட்டிலும் சோபாவும் விற்ற இடம். வியாபாரம் படுத்துக் கடையைக் காலி செய்துவிட்டார்கள். கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்த "சுலபத் தவணை உண்டு" என்ற எழுத்து மட்டும் எவ்வளவு சுரண்டியும் போகவில்லை. அதற்குப் பக்கத்திலேயே, இப்போது அங்கே ஜெபக் கூட்டம் நடத்தும் தேவ ஊழியரின் ஆளுயரப் படம், இரண்டு கைகளையும் விரித்தபடி.

ஊழியருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எல்லோருக்கும் அவர் நூறு மடங்கு ஐயா. கடவுளுக்கு ஒன்று கொடுத்தால் நூறாகத் திரும்பி வரும் என்பது அவருடைய செய்தி. ஒன்று போவதை எல்லோரும் தங்கள் பையில் பார்த்திருக்கிறார்கள். நூறு வந்ததை ஐயாவின் காரில் பார்த்திருக்கிறார்கள்.

வரவு செலவில் கடவுளுக்கு முதலிடம் கொடுங்கள் என்றுதான் அவர் பேச்சைத் தொடங்குவார். இதில் யார் என்ன குற்றம் சொல்ல முடியும்? சம்பளம் கைக்கு வந்ததும் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் கடனில்லாமல் குடும்பம் நடத்தும் நல்ல கிறிஸ்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஐயா அதில் ஒரு சின்னத் திருத்தம்தான் செய்தார். முதலிடம் கடவுளுக்கு, வாங்கிக்கொள்ளும் கை தனக்கு.

அப்படி வாங்குகிறவர்கள் நாலு பேர் இருக்கலாம். ஐயாவுக்குக் கூட்டம் சேர்ந்தது அதனால் அல்ல. ஒட்டிய கவருக்குள் இருப்பதை அவர் பிரிக்காமலே சொல்வார்.

வாசலில் ஒரு படிவம் கொடுப்பார்கள். பெயர், வேலை, சம்பளம், வாடகை, கடன் எல்லாம் எழுத வேண்டும். படிவத்தில் உள்ள எண்ணே கவரிலும் இருக்கும். பத்தில் ஒரு பங்கைக் கவரில் போட்டு, ஒட்டி, பெட்டியில் போட வேண்டும். பெட்டி நேராக ஜெப அறைக்குப் போகும். பாட்டும் சாட்சியும் முடிகிறவரை ஐயாவின் மைத்துனர் அந்தக் கவர்கள் மேல் கைவைத்து ஜெபிப்பார். கதவைச் சாத்திக்கொண்டுதான் ஜெபிப்பார். உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்கும். தேநீர் போடுகிறார் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தேநீரை யாரும் குடித்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அதற்குள் வெளியே சாட்சிகள் நடக்கும். போன மாதம் முழுப் பங்கு கொடுத்ததால் தொலைந்த குடை கிடைத்தது என்று ஒருவர் சொல்வார். கூடம் முழுக்க "அல்லேலூயா". குடைக்குக் கொடுத்த விலையில் ஒரு குடைக் கடையே வைத்திருக்கலாம் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

பிறகு மைத்துனர் ஒரு தட்டில் ஐந்தாறு கவர்களைக் கொண்டு வருவார். ஐயா ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்துக் கண்ணை மூடுவார்.

"எண் தொண்ணூற்றாறு. பிரியமான சகோதரனே, தேவனுடைய பங்கில் முந்நூறு குறைகிறதே. ஏன் ஒளித்து வைத்தாய்?"

தொண்ணூற்றாறு எழுந்து அழும். ஒளித்தது உண்மைதானே. குறைந்த முந்நூறு உடனே வரும். கூடவே அபராதமாக இன்னொரு முந்நூறு.

இப்படித்தான் ஒரு மாதம் ஒரு லிஃப்ட் மெக்கானிக் மாட்டினார். ஐம்பது வயது. பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் அந்தரத்தில் நின்றாலும் பதறாத மனிதர். அன்றைக்கு முந்நூறு பேர் முன்னால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவருடைய தங்கை ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். அண்ணனுக்குச் சர்க்கரை நோய். மூன்று வாரம் கழித்துக் கால் விரலில் புண்ணோடு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவள் ரத்தம் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் இயந்திரம் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு என்றது.

"அண்ணே, ஊசி போடுறியா இல்லையா?"

அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"நிறுத்திட்டேன் பாப்பா."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. போன மாசம் ஊசி மருந்துக்குன்னு பங்குல எழுநூறு எடுத்துட்டேன். உன் அண்ணிக்குக்கூட தெரியாது. ஐயா கவரைப் பிரிக்காமலே எழுநூறுன்னு சொல்லிட்டாரு. கடவுள் பணத்துல மருந்து வாங்கினா அது உடம்புல ஒட்டுமா? இந்த மாசம் முழுசா கட்டணும். வாடகை போச்சுன்னா மருந்துக்கு மிச்சம் இல்ல."

தங்கைக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் வேலையில் கோபத்துக்கு இடமில்லை. ஊசி பிடிக்கும் கை நடுங்கக் கூடாது.

"படிவத்துல சம்பளம் எழுதிக் குடுத்தியா?"

"எழுதாம உள்ள விட மாட்டாங்க."

"கவரை எங்க கொண்டு போறாங்க?"

"ஜெப அறைக்கு."

"சரிண்ணே."

அவள் கடவுள் இல்லை என்பவள் அல்ல. ஞாயிறுதோறும் தன் சின்னத் தேவாலயத்தில் பாடுகிறவள். ஆனால் வேலை அவளுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால், ஒரே ரத்தத்தை இரண்டு குழாயில் ஊற்றி, இரண்டு பெயர் எழுதி வைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் சரி. வேறு வேறு விடை வந்தால் கோளாறு ரத்தத்தில் இல்லை.

அங்கேயே டோக்கன் கொடுக்கும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். நாள் முழுக்க எண்களைக் கூவி அழைத்தே குரல் வெண்கலமாகிப் போனவள் அந்த அக்கா.

"அக்கா, நீயும் ரெண்டாயிரம் வை, நானும் ரெண்டாயிரம் வைக்கிறேன். என் சம்பளம் இருபதாயிரம், அப்படியே எழுதிடறேன். உனக்குப் பதினெட்டாயிரம். நீ நாப்பதுன்னு எழுது."

"வேலை என்னன்னு எழுதறது?"

"மேலாளர்னு போடு."

அக்கா எழுதிப் பார்த்தாள். "நாப்பதாயிரம்னு எழுதும்போது நல்லாத்தான்டி இருக்கு."

தங்கை இன்னொன்றும் செய்தாள். கிருமிக்குச் சாயமேற்ற அவர்கள் வைத்திருக்கும் பொடி ஒன்று உண்டு. வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தும் இதே சரக்குதான். அதில் நகக்கண் அளவு எடுத்து, நோட்டுகளைச் சுற்றிய காகிதத்தின் உள்பக்கம் தடவினாள். காய்ந்திருக்கும்வரை கண்ணில் படாது. ஈரம் பட்டால் ஊதா. கவரைத் திறக்காத யார் கையிலும் ஒட்டாது.

அண்ணனிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் பயந்தார்.

"வேண்டாம் பாப்பா. கடவுளைச் சோதிக்கிறது பெரிய பாவம்."

"கடவுளை யார் சோதிச்சா? கவரைத்தான் சோதிக்கிறேன். அக்காவோட கவர் முழுப் பங்குன்னு ஐயா சொல்லிட்டா நானும் மாசாமாசம் வந்து கட்டறேன். குறையுதுன்னு சொன்னா, நீ ஊசி போட்டுக்கணும். சம்மதமா?"

அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

அந்த ஞாயிறு மூன்று பேரும் ஆறாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது. ஒருவருக்கு வங்கியில் பேனா இலவசமாகக் கிடைத்த சாட்சி முடிந்தது. ஜெப அறைக் கதவு திறந்தது. மைத்துனர் தட்டோடு வந்தார். கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்திருந்தார். வாயை இறுக மூடியிருந்தார். பயபக்தி என்று கூட்டம் எடுத்துக்கொண்டது.

முதல் நாலு கவர் வழக்கம்போல. நாலு அழுகை. ஐந்தாவதை ஐயா எடுத்தார். கவரின் மூலையை ஒருமுறை பார்த்துவிட்டு நெற்றியில் வைத்தார். முகம் மலர்ந்தது. புது ஆள், பெரிய பதவி. இப்படி ஒரு மீன் மாதாமாதம் சிக்குமா?

"எண் இருநூற்றுப் பதினாலு. ஒரு சகோதரி. உயர்ந்த இடத்தில் தேவன் உன்னை வைத்திருக்கிறார். ஆனால் மகளே, அவருடைய பங்கில் பாதியை, இரண்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டாயே."

அதே இரண்டாயிரம் போட்டிருந்த தங்கையின் கவரைக் குறை சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஆறாவது வரிசையில் லிஃப்ட் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா எழுந்து மேடைக்கு நடந்தாள். அழப்போகிறாள் என்று மைக்கை நீட்டினார்கள். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

"ஐயா, நான் டோக்கன் குடுக்கிற வேலை பார்க்கிறேன். இது என் சம்பளச் சீட்டு. பதினெட்டாயிரம். பத்துல ஒண்ணு ஆயிரத்து எண்ணூறு. கவர்ல ரெண்டாயிரம் வெச்சிருக்கேன். இருநூறு கூடத்தான் இருக்கு. எப்படிக் குறையும்?"

ஐயாவுக்கு இப்படிப்பட்ட கேள்வி பழக்கமில்லை. வாய் முந்திக்கொண்டது.

"படிவத்தில் நாற்பதாயிரம் என்று நீதானே எழுதினாய்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.



"ஆமாங்க, நான்தான் எழுதினேன்," என்றாள் அக்கா. "படிவத்தைப் படிச்சவருக்கு நாப்பதாயிரம். என்னைப் படைச்சவருக்குப் பதினெட்டாயிரம். இவ்வளவு நேரம் உங்க காதுல பேசினது எவரு?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார். ஐயா சுதாரித்துக்கொண்டார்.

"பொய் எழுதிய வாய் பேசுகிறது. பிரியமானவர்களே, இந்தக் கவரைப் பாருங்கள். ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. உள்ளே இரண்டாயிரம் என்று எனக்கு எப்படித் தெரிந்தது?"

நல்ல கேள்விதான். கூட்டத்தில் பாதி மறுபடி ஐயா பக்கம் சாய்ந்தது. அப்போது தங்கை எழுந்தாள்.

"அதை உங்க மைத்துனர்தான் சொல்லணும். அவரைக் கொஞ்சம் நாக்கை நீட்டச் சொல்லுங்க."

மைத்துனர் தட்டை வைத்துவிட்டு ஜெப அறைப் பக்கம் நகர்ந்தார். அதற்குள் மெக்கானிக் மேடையில் ஏறியிருந்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை. துண்டை எடுத்தார், மணிக்கட்டைப் பிடித்து மைத்துனரின் கையை மேலே தூக்கிக் காட்டினார். கத்தரிக்காய் நிறத்தில் பத்து விரல்கள். வலியில் "ஐயோ" என்று மைத்துனர் வாயைத் திறந்தார். நாக்கும் அதே நிறம்.

தங்கை விளக்கினாள். "ஆவியில காட்டிக் கவரைப் பிரிச்சு, எச்சில் தொட்டு நோட்டை எண்ணி, திரும்ப ஒட்டியிருக்காரு. காகிதத்துல சாயப் பொடி வெச்சது நான்தான். கவலைப்படாதீங்க, வாய்க்கு நல்லதுதான். ஒரு வாரத்துல போயிடும்."

மெக்கானிக் ஜெப அறைக்குள் போனார். கெட்டிலில் தண்ணீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பசை, பென்சில், படிவக் கட்டு, ஒரு குறிப்பு நோட்டு. ஐயா பார்த்த கவர் மூலையில் பென்சிலால் "பெண் மேலாளர், 40000, உள்ளே 2000" என்று பொடியாக எழுதியிருந்ததை அக்கா வெளியே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் நோட்டைப் புரட்டிக்கொண்டே வெளியே வந்தார். போன மாதப் பக்கத்தில் விரல் நின்றது. அவர் சத்தமாகப் படித்தார்.

"லிஃப்ட் மெக்கானிக். எழுநூறு குறைவு. பயந்தவன். அழுவான்."

அடுத்த வரியையும் படித்தார். "மரக்கடைக்காரர். ஆயிரம் குறைவு. சண்டை போடுவார், கூப்பிட வேண்டாம்."

மரக்கடைக்காரர் மூன்றாவது வரிசையில் இருந்தார். குறிப்பு எவ்வளவு சரி என்று அடுத்த நிமிடமே நிரூபித்தார். நாற்காலிகள் நகர்ந்தன. "என் வரியையும் படிங்க", "என்னோடது என்ன எழுதியிருக்கு" என்று ஆளுக்கு ஒரு பக்கம் நோட்டை இழுத்தார்கள். அந்தச் சந்தடியில் ஐயா பின்படி வழியாக இறங்கினார். நூறு மடங்கு வேகத்தில் இறங்கினார் என்று டயர் கடைக்காரர் சொல்கிறார். கார் போயிற்று. மைத்துனரை ஏற்றிக்கொள்ள மறந்துவிட்டார்.

பெட்டியில் இருந்த கவர்களை எண் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். முந்தைய மாதங்களின் பணம் போனது போனதுதான். காவல் நிலையத்துக்கு மரக்கடைக்காரர் தலைமையில் நாற்பது பேர் போனார்கள். மிச்சம் பேர் வீட்டுக்குப் போனார்கள். குடை கிடைத்தவர் மட்டும், "ஐயா நல்லவர்தான், மைத்துனர்தான் சரியில்லை" என்று படிக்கட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மதியமே தங்கை மருந்து வாங்கி வந்தாள். அண்ணன் ஊசி போட்டுக்கொண்டார். விரல் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. விரல் தப்பியது.

"பாப்பா," என்றார் ஒருநாள், கட்டுப் பிரிக்கும்போது. "கடவுளுக்கு முதல்ல எடுத்து வைக்கணும்னு நினைச்சது தப்பா?"

"தப்பில்லண்ணே. எடுத்து வை. அதுல ஒரு நோயாளிக்கு மருந்து வாங்கினா கடவுள் வேண்டாம்னு சொல்வாரா? அந்த நோயாளி நீயா இருந்தா மட்டும் கோபப்படுவாரா?"

அவர் இப்போதும் பத்தில் ஒரு பங்கு எடுத்து வைக்கிறார். ஒரு பகுதி தங்கையின் தேவாலயத்துக்குப் போகிறது. அங்கே வருஷக் கணக்கைச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஒரு பகுதி அவரோடு வேலை செய்து முதுகொடிந்து கிடக்கும் ஒருவருடைய வீட்டுக்குப் போகிறது. நூறு மடங்காக எதுவும் திரும்பி வரவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

வேறொரு தெருவில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருப்பதாகக் கேள்வி. ஆயிரம் மடங்காம். கூட்டம் அள்ளுகிறதாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். போவதற்கு முன் ஒரே ஒரு கணக்கு. கடவுள் கொடுத்ததிலெல்லாம் பத்தில் ஒரு பங்கைச் செலவிடத் தயாராக இருக்கிறீர்கள் அல்லவா? மூளையும் அவர் கொடுத்ததுதான். அதிலும் பத்தில் ஒரு பங்கைச் செலவிட்டுவிட்டுப் படியேறுங்கள்.