இமெல்டாவின் கூடையும் பத்துத் தோல்விகளும்

நீங்கள் செய்த ஒரு சாமான் முதல் தரமே சரியாக வேலை செய்ததற்காக, யாராவது உங்களுக்குக் கடிதம் போட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்களா? கேட்கவில்லையென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். கொட்டாஞ்சேனையில் இமெல்டாவிடம் கேட்டார்கள்.

இமெல்டா இருப்பது ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில். அங்கே லிப்ட் இருக்கிறது. 'திருத்த வேலை நடைபெறுகிறது' என்ற பலகையும் இருக்கிறது. திருத்த வேலைதான் இல்லை. புருஷன் ஹெக்டருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை றஷ்மி. பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் ஓட்டோ வரும்போது, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எழுபத்திரண்டு படி இறங்கி, ஒரு பாணை வாங்கி, எழுபத்திரண்டு படி ஏறினால், மேலே வந்து சேரும்போது அந்தப் பாண் முழுவதையும் அவளே தின்னும் பசி வந்துவிடும்.

அதனால் ஒரு நாள், உடைந்துபோன பிள்ளை வண்டியின் சில்லைக் கழற்றிப் பல்கனிக் கம்பியில் பூட்டினாள். சில்லின் மேலால் கயிறு. ஒரு முனையில் கூடை. மறு முனையில் பாதிக்குத் தண்ணீர் விட்ட பெரிய போத்தல். கூடை இறங்கப் போத்தல் ஏறும், போத்தல் இறங்கக் கூடை ஏறும். பாரத்தைப் போத்தல் பார்த்துக்கொள்வதால் இழுக்க ஒரு கை போதும். மற்றக் கை பிள்ளைக்கு.

"அக்கா, சோக்கான வேலை!" என்று கீழேயிருந்து கத்தினான் பாண்கார றிகாஸ். "ரெண்டு மீன் மாலுபாணும் வெச்சு அனுப்பவா?"

இந்த அளவில் கதை முடிந்திருக்கும். ஆனால் அப்போது கொழும்பில் கண்டுபிடிப்பாளர் ஆகும் காய்ச்சல் பரவியிருந்தது. இரண்டாம் மாடி நாகம்மை அன்ரியின் மகன் லவனுக்குக் கடுமையாகப் பிடித்திருந்தது. முப்பது வயசு. ஞாயிறு தோறும் 'ஆக்கச் சிந்தனைப் பழக்கங்கள்' என்ற வகுப்புக்குப் போய்வருவான். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, இளஞ்சூட்டுத் தண்ணீர் குடித்து, முப்பது யோசனை எழுதுவான். எழுதிய மஞ்சள் துண்டுகளைப் பிரிட்ஜ் முழுக்க ஒட்டியதில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நாகம்மை அன்ரி தயிரை வெளியிலேயே வைக்கப் பழகிவிட்டா. எட்டு மாதத்தில் ஏழாயிரத்து இருநூறு யோசனை. செய்த சாமான் ஒன்றுமில்லை. செய்வது இரண்டாம் கட்டப் பயிற்சியாம்.

லவன் நல்ல மனசுக்காரன். கூடையைப் படம் பிடித்து, 'எங்கள் மண்ணின் கண்டுபிடிப்பாளர்' என்று பேஸ்புக்கில் போட்டான். அறுநூறு பேருக்குப் பிடித்தது. அறுநூற்றோராவது ஆள் கண்டுபிடிப்பாளர் பழக்கவழக்க அதிகாரசபை.

கடிதம் வந்தது. 'பதிவு செய்யப்படாத நபரொருவரால் புனையப்பட்டு வான்வெளியில் தொங்கவிடப்பட்டுள்ள சாதனம் தொடர்பாக' இமெல்டா பதினான்கு நாட்களுக்குள் தன்னைக் கண்டுபிடிப்பாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் கூடை அகற்றப்படும்.

அதிகாரசபை வெள்ளவத்தையில், காலி வீதியில், ஐந்தாம் மாடியில். அங்கேயும் அதே பலகை தொங்கிய லிப்ட். இமெல்டா பிள்ளையோடு மூச்சு வாங்க ஏறிப் போய், விடய அலுவலர் றொசானாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"எத்தின தரம் தோத்தீங்க?" என்றாள் றொசானா.

"தோக்கேல்ல மிஸ். முதல் தரமே சரிவந்திட்டுது."

றொசானா பேனையை மூடினாள். "அப்ப அது கண்டுபிடிப்பில்ல. தற்செயல். தற்செயலை நாலாம் மாடியில தொங்கவிட ஏலாது."

"நல்லா வேலை செய்யுதே மிஸ்?"

"அதுதான் பிரச்சினை. பத்துத் தரம் தோத்த ஆளுக்குத்தான் பதிவு. படிவம் ஏழு. ஒவ்வொரு தோல்விக்கும் மூண்டு பிரதி, படத்தோட. வெற்றிபெற்ற சாதனத்தின்ட வரைபடம் வேற. அதோட நாளுக்குப் பதினைஞ்சு நிமிஷம் ஒரு நோக்கமும் இல்லாம ஜன்னலால வெளியில பாக்கோணும். கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தித் தரோணும்."

"கையில பிள்ளை இருக்குமே?"

"பிள்ளையைப் பாத்தா கணக்கில்ல. அது நோக்கமுள்ள பார்வை."

இமெல்டா கூடையின் வரைபடத்தை இரண்டு பக்கத்தில் கீறிக் கொடுத்துவிட்டு, தோற்பதற்காக வீட்டுக்கு வந்தாள்.

தோற்பது லேசான காரியமில்லை. பிள்ளை பயந்து எழும்பட்டும் என்று சட்டி மூடியில் கிலுகிலுப்பையைக் கட்டினாள். பிள்ளை நித்திரையாகிவிட்டது. காற்றுக்கு அடிபடும் ஜன்னலில், எப்படியும் விழுந்துவிடும் என்று நம்பி, ஹெக்டரின் பழைய செருப்பைச் செருகினாள். ஜன்னல் அதற்குப் பிறகு அசையவேயில்லை.

"ஒரு தோல்வியைக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியாதா உமக்கு?" என்றான் ஹெக்டர். "நாலு நாள் போயிட்டுது. கூடையைக் கழட்டினா ஆர் இறங்கி ஏறுறது?"

அப்போதுதான் இமெல்டாவுக்கு லவனின் பிரிட்ஜ் நினைவுக்கு வந்தது. இறங்கிப் போய், "தம்பி, உங்கட யோசனையில கொஞ்சம் செய்து பாக்கட்டா?" என்று கேட்டாள். லவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கையாலேயே துண்டுகளைப் பிரித்துக் கொடுத்தான்.

அவன் எழுதியபடியே, ஒன்றையும் மாற்றாமல் செய்தாள். ஒன்றும் பிசகவில்லை. வரிசையாகத் தோற்றன. 'மின்விசிறியில் உடுப்புக் காயவைத்தல்' என்ற யோசனையில் ஹெக்டரின் சாரம் பறந்துபோய் முன்வீட்டு அன்ரெனாவில் ஏறியது. 'தானாகக் கிண்டும் கஞ்சிப் பானை' கஞ்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கிண்டியது. ஒன்பதுக்கும் படம் பிடித்துப் படிவம் நிரப்பினாள். பிள்ளை நித்திரையான நேரங்களில் ஜன்னலால் வெளியே பார்த்து, கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதமும் வாங்கினாள். பத்தாவதாகச் செய்த வளைந்த கரண்டி மட்டும் சாடையாக, ஓரளவுக்கு, வேலை செய்துவிட்டது. நாசம். அன்றைக்குப் பதினாலாம் நாள்.

ஒன்பது தோல்வியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு ஓடினாள். ஐந்தாம் மாடியில் ஒரு மேசையிலும் ஆளில்லை. எல்லோரும் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இமெல்டாவும் எட்டிப் பார்த்தாள்.

வெளியே ஒரு கயிறு. கயிற்றில் ஒரு கூடை. ஜன்னலுக்கு மேலே ஒரு பித்தளைத் தகடு: 'பணிப்பாளரின் புத்தாக்கம்'. கூடை மூன்றாம் மாடி உயரத்தில், அதிகாரசபையின் சொந்தப் பெயர்ப்பலகையில் கொளுவிச் சிக்கிக்கொண்டு நின்றது. கூடைக்குள்ளே கீழ் மாடிக் கவுண்டருக்குப் போய்த் திரும்பிய றப்பர் முத்திரையும், பணிப்பாளரின் பகல் சோற்றுப் பார்சலும்.

"இது என்ட கூடையல்லோ சேர்?"

பணிப்பாளர் ஞானசம்பந்தம் தொண்டையைச் செருமினார். "இது அதிகாரசபையின் சுயமுயற்சி அம்மா. எனது வழிகாட்டலில் உருவானது."

"போத்தலைக் காணேல்லயே? பாரத்துக்குப் போத்தல் கட்டினாத்தானே நேரா வரும்?"

"போத்தலா?" பணிப்பாளர் றொசானாவைப் பார்த்தார்.

"அது ரெண்டாம் பக்கத்தில இருந்தது சேர்," என்றாள் றொசானா மெதுவாக. "போட்டோகொப்பி மெஷின் முதல் பக்கத்தோட நிண்டிட்டுது."

பணிப்பாளர் இமெல்டா பக்கம் திரும்பினார். "அப்படியெண்டால் கொளுவிக்கொண்டு நிற்கிறது உங்கட கூடைதான்."

தோல்வி என்று தெரிந்தவுடன் அது யாருடையது என்பதில் அவருக்கு எள்ளளவு சந்தேகமும் இருக்கவில்லை.

"என்ட தோல்வியா சேர்?"

"முற்றுமுழுதாக உங்களுடையது."

"எழுத்தில தருவீங்களா?"

தந்தார். மூன்று பிரதிகளில். பசியோடு இருந்ததால் வேகமாகவே எழுதினார். இமெல்டா பிள்ளையை றொசானாவிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"முதல்ல கையெழுத்தைப் போடுங்கோ சேர். இப்ப நான் கூடையை எடுத்திட்டனெண்டா, பிறகு இது தோல்வியில்லாமப் போயிடும்."

கையெழுத்து விழுந்தது. அலுவலகத் தண்ணீர்ப் போத்தலைக் கயிற்றின் மறுமுனையில் கட்டி, ஒரு சுண்டு சுண்டினாள். கூடை சத்தமில்லாமல் மேலே வந்தது. சோற்றுப் பார்சல் பணிப்பாளருக்கு, முத்திரை பத்தாம் படிவத்துக்கு. அரை மணித்தியாலத்தில் அவள் பதிவு செய்யப்பட்ட கண்டுபிடிப்பாளர். தகடு இருந்த இடத்திலேயே இருந்தது.

சான்றிதழை இமெல்டா கதவுக்கு நேரே மாட்டினாள். இனித் தொடர்மாடி முழுக்க வந்து, எங்களுக்கும் ஒரு கூடை கட்டித் தா என்று நிற்கும் என்று நினைத்து, ஹெக்டரிடம் சொல்லி நாலு சில்லும் எடுத்து வைத்தாள். ஒருவரும் வரவில்லை. எல்லோரும் வழக்கம்போலப் பாணுக்குப் படி இறங்கினார்கள், ஏறினார்கள்.

மூன்றாம் நாள் நாகம்மை அன்ரி வந்தா. இரண்டு மாடி ஏறிய களைப்பில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"இருங்கோ அன்ரி, தண்ணி தாறன். கூடை கட்டவோ?"

"கூடை கிடக்கட்டும்மா." அன்ரி சான்றிதழை மேலிருந்து கீழ்வரை பார்த்தா. "என் லவனும் பதியணும்னு நிக்கிறான். பாவம், அவன்கிட்ட ஒரு தோல்வி கூட இல்ல. எதையாச்சும் செஞ்சாத்தானே தோக்கிறதுக்கு? உன்னோட பத்துத் தோல்வியையும் ஒருக்கா போட்டோகொப்பி எடுக்கத் தர்றியாம்மா? பேரை மட்டும் மறைச்சு எடுத்துக்கிறோம்."

இமெல்டா பதில் சொல்லுமுன் அன்ரி படியைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டா.

"கையில தராத கண்ணு, கம்பியைப் பிடிச்சு இறங்கணும். நான் கீழ போனதும் கூப்பிடுறேன். அந்தக் கூடையில வெச்சு இறக்கி விட்டுடு."