எட்டும் ஆகாது, ஓமும் ஆகாது

ஜார்ஜ் டவுன், பினாங்கு
ஜூலை 1999

கோலாலம்பூரில் கல்யாணம் கட்டாமல் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்தும் அன்பு மருமகன் சந்திரசேகரனுக்கு,

மாமா விநாசித்தம்பி எழுதிக்கொள்வது. நானும் மாமி நல்லம்மாவும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். நீ கம்ப்யூட்டரில் பூட்டித் தந்துவிட்டுப் போன லினக்ஸ்தான் சுகமில்லை.

மெல்பர்னில் மகள் ருக்குமணி பிள்ளை பெற்று, படத்தை ஈமெயிலில் அனுப்பிவிட்டாள். பேரன் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லையடா. இன்டர்நெட்டுக்கு டயல் செய்யும் நம்பரை ஒரு ஃபைலில் எழுதிவைத்தாய் அல்லவா, அதன் கடைசி இலக்கம் எட்டு. சீனருக்கு எட்டு ராசி, நமக்கு ஆகுமா? பேரன் வருகிற வழியில் சனியன் எதற்கென்று ஒன்பதாகத் திருத்தினேன். அன்று முதல் கம்ப்யூட்டர் ஆயர் ஈத்தாமில் மீ கோரெங் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் முகம்மது கனிக்குப் போன் போட்டுக் கீச்சிடுகிறது. நான் ரிசீவரைத் தூக்கினால் அந்தப் பக்கம் அவர், "என்னாலா இது? எத்தன பிளேட்டுன்னு கேட்டா கோழிய அறுக்கிற மாதிரி கத்துற!" என்கிறார். தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். அவரும் பேரன் படம் வந்ததா என்று விசாரிக்கிறார்.

எட்டை என் கையால் திரும்ப எழுத மாட்டேன். நீ எழுதினால் பாவம் உன்னோடு போகும். அதனால்தான் சரியான நம்பரோடு புது டிஸ்கெட் கேட்டேன். அதைப் போட்டதும் கம்ப்யூட்டர், "இந்த ஃபைலில் நீங்கள் கை வைத்திருக்கிறீர்கள். புதியதைப் போடவா, உங்களுடையதே இருக்கட்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டது. இந்த வீட்டில் என்னிடம் அனுமதி கேட்ட முதல் ஜீவன் அதுதான். மாமியைக் கேட்டேன். "புதுசு வேணுமெண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோவன்" என்றாள். Y, N, O என்று எழுத்துகள் நின்றன. O-வை அமுக்கினேன். யாழ்ப்பாணத்தார் வீட்டில் ஓம் என்றால் சம்மதம்தானே? அந்த மடையனுக்கு O என்றால் பழையதே இருக்கட்டும் என்று அர்த்தமாம்!

இப்போது நீ அனுப்பிய இரண்டாவது டிஸ்கெட்டும் அதே கேள்வியோடு காத்து நிற்கிறது. ஓம் என்றால் இல்லை என்பதால், N என்றால் ஓமாகத்தான் இருக்க வேண்டும். அமுக்கட்டுமா? பதில் வரும்வரை திரைக்கு மேல் துவாயைப் போட்டு மூடியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழாமல் ஒரு பெண்ணைக் கட்டு. உனக்கு எங்கள் ஆசி.

மாமா
விநாசித்தம்பி

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுமுன் மாமி தூசி தட்டுகிறேன் என்று Y-யையும் என்டரையும் சேர்த்தே தட்டிவிட்டாள். படம் வந்துவிட்டது. பேரனுக்கு என் காது. பார்த்ததும் அழுதுவிட்டேன். இன்று பின்னேரம் கனி மீ கோரெங் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். "ரெண்டு நாளா போனைக் காணோமேண்ணே. ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு ஓடியாந்தேன்லா" என்றார். ஆகவே மேலே கேட்ட எதற்கும் பதில் வேண்டாம். பழைய ஃபைலை அழிக்காமல் வேறு பெயரில் ஒதுக்கி வைத்திருக்குமாமே, என் ஒன்பதைத் திரும்ப எடுப்பது எப்படி என்று மட்டும் உடனே எழுது.