மாதர் சங்கத்தில் திரி ஸ்டவ்

சிதம்பரத்தில் போய்ப் பேச வேண்டும் என்று முடிவானதும் கொளஞ்சியப்பனுக்கு நடையே மாறிவிட்டது. கடலூர் திருப்பாப்புலியூரில் பாத்திரக்கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்த மனிதர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் உலாவ ஆரம்பித்தார். அது சின்ன வீடு. சுவருக்கும் சுவருக்குமாகத் திரும்பித் திரும்பி அவருக்குத் தலை சுற்றியது.

விஷயம் இதுதான். அறுபத்துநாலாம் வருஷம் கடையில் திரி ஸ்டவ் வந்து இறங்கியது. கடலூரில் சுமாராகப் போயிற்று. சிதம்பரத்தில் ஒரு கிளை திறக்க முதலாளி காசிநாதனுக்கு ஆசை. அதற்கு முன்னால் அங்கே மாதர் சங்கத்தில் யாராவது ஸ்டவ்வைப் பற்றிப் பேசிக் காட்ட வேண்டும். "நல்லா பேசிட்டின்னா கிளை ஒனக்கு. கோட்டை விட்டின்னா தராசு ஒனக்கு" என்று சொல்லிவிட்டார்.

"விருத்தா, இப்படி வந்து ஒக்காரு. நீதான் சபை."

மனைவி விருத்தாம்பாள் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "அடுப்பு அணைஞ்சுடும் மாமா. இங்கேருந்தே கேக்குறேன்."

"அன்பார்ந்த தாய்மார்களே! புகையில் சிவக்கும் உங்கள் கண்களைக் கண்டு என் கண்கள் கலங்குகின்றன."

அவள் ஊதுவதை நிறுத்தினாள். "யாரு கண்ணு மாமா?"

"சிதம்பரத்துத் தாய்மாருங்க கண்ணு."

"அப்ப நமக்கும் ஒண்ணு வாங்கலாமுல்ல? கடையில வந்து எறங்குன நாளா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அது பேச்சு, இது வீடு. ஸ்டவ்வுல வடிச்ச சோறு மண்ணெண்ணெய் நாறும்."

"அப்ப அவுங்க சோறு மட்டும் நாறாதா?"

கொளஞ்சியப்பன் திகைத்தார். இதே கேள்வி சபையில் வந்து தொலைத்தால்? கிளை போச்சு. அந்தக் கலக்கத்தில்தான் அவருக்கு அந்த மகா யோசனை உதித்தது. ஊரார் கேட்டால்தானே வம்பு? நம்ம ஆளே கேட்டால்?

"விருத்தா, நீயும் சிதம்பரம் வர்றே. நீ யாரோ, நான் யாரோ. முன்வரிசையில ஒக்காரு. நான் சொல்லிக் குடுக்குற ரெண்டு கேள்வியை மட்டும் கேளு. நான் டக்குன்னு பதில் சொல்லுவேன். சபை அசந்துடும்."

"தெரியாத ஆம்பளைகிட்டக் கேக்குற மாதிரியா?"

"அதேதான். வாய் தவறி மாமான்னுடாதே. அய்யான்னு சொல்லு."

"சரி மாமா."

இத்தனை சுலபமாக அவள் எதற்குமே சரி சொன்னதில்லை. அவர் அப்போதே விழித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உலாவப் போய்விட்டார்.

எடுத்த எடுப்பில் சரக்கைக் காட்டாதே, ஆவலைத் தூண்டு என்பது முதலாளியின் உபதேசம். அதனால் சிதம்பரம் மாதர் சங்கத்தில் கொளஞ்சியப்பன் ஸ்டவ்வைச் சிவப்புப் பட்டுத் துணியால் மூடி மேஜை மேல் வைத்திருந்தார். உள்ளே வந்த பெண்களில் பாதிப் பேர் அதைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி கற்பூரம் எங்கே என்று விசாரித்தாள். துணியை எடுத்ததும் கூட்டத்துக்குச் சப்பென்று போய்விட்டது. முதலாளி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து தாடையைச் சொறிந்தார்.

"சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள்" என்றார் கொளஞ்சியப்பன். விருத்தாம்பாள் எழுந்தாள்.

"அய்யா, இது எண்ணெய் ஜாஸ்தி குடிக்குமா?"

அது இரண்டாவது கேள்வி. வெடிக்குமா என்பதுதான் முதல் கேள்வி. பதில்களையோ அவர் வரிசையாக நெட்டுருப் போட்டிருந்தார். மூளை தடுக்கப் பார்த்தது, வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் பயமே வேண்டாம் அம்மா. பக்கத்தில் குழந்தையே தூங்கலாம்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெடிக்குமா அய்யா?"

"ரொம்பக் கொஞ்சமாகத்தான் அம்மா. மாசத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும்."

இரண்டு பேர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்கள். பாவம், பயத்தில் கேள்வியை மாற்றிவிட்டாள் என்று நினைத்த கொளஞ்சியப்பன், பேச்சை விட்டுவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தார். வாழ்நாளில் அவர் பற்றவைத்த முதல் அடுப்பு அது. திரியை எந்தப் பக்கம் திருகினாலும் அது மேலே வந்தது. புகை மண்டியது. அவர் இருமினார், கண்ணீர் விட்டார், மூக்கு நுனியில் கரி பூசிக்கொண்டார்.

சங்கத் தலைவி ரத்தினம்மாள் நல்ல மனசுக்காரி. நன்றி சொல்லி முடித்துவிடலாம் என்று எழுந்தாள். பேச்சாளரின் பெயர் மறந்துவிட்டது. அவரோ இருமிக்கொண்டிருந்தார்.

"கேள்வி கேட்ட அம்மா, இவரு பேரு என்னமோ சொன்னாங்களே, ஞாபகம் இருக்குதா?"

விருத்தாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"அதுங்க… மணவாளநல்லூர்ல பிராது எழுதிக் கட்டுவாங்களே, அந்தச் சாமி பேருங்க."

அந்தச் சாமி கொளஞ்சியப்பர் என்பது சபைக்கே தெரியும். ரத்தினம்மாளே முதலில் சிரித்தாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாமல் சாமியைத் துணைக்குக் கூப்பிடுவது சம்சாரத்தைத் தவிர வேறு யார்? அங்கே இருந்த அத்தனை பேரும் வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

"அடிப்பாவி, ஒன் வீட்டுக்காரரா? அப்ப ஒங்க வீட்டுல இதுலதான் சமைக்கிறியா?"

"இல்லீங்க. விறகுதான். சோறு நாறுமுன்னு அவுங்க வாங்கித் தரமாட்டேங்குறாங்க."

கொளஞ்சியப்பனுக்கு இருமல் நின்றுவிட்டது. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஆனா பொருள் நல்ல பொருளுங்க" என்று சொல்லிக்கொண்டே விருத்தாம்பாள் மேடை ஏறினாள். திரியை இறக்கினாள். சுடர் நீலமாக நின்றது. செய்து காட்டக் கொண்டுவந்திருந்த பாலைக் காய்ச்சினாள். "பக்கத்து வீட்டு சின்னம்மாகிட்ட இருக்குது. தெனம் அவளுக்கு நான்தான் பத்தவெச்சுத் தர்றேன்." பெண்கள் மேடையைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். வாசலுக்குப் போனவர்களும் திரும்பி வந்தார்கள்.

"மொதல்ல இவளுக்கு ஒண்ணு குடுங்க. அப்புறம் நாங்க வாங்குறோம்" என்றாள் ரத்தினம்மாள். முதலாளி மறுபேச்சுப் பேசாமல் அந்த ஸ்டவ்வையே தூக்கிக் கொடுத்தார். பிறகு கொளஞ்சியப்பனைத் தனியே அழைத்தார்.

"கிளை ஒனக்குத்தான்யா. ஆனா பேசுறதுக்கு ஒன் சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வா. நீ வாயைத் தொறக்காதே."

ஜெயித்தோமா தோற்றோமா என்று புரியாமல் கொளஞ்சியப்பன் பஸ் ஸ்டாண்டில் நின்று சோடா குடித்தார். அவள் நாணத்தினால் அல்லவா குட்டு உடைந்தது, அவளைக் கோபித்துக்கொண்டு என்ன செய்ய என்று மனசு இளகிக்கொண்டிருந்தது. அப்போது கடலூர் வண்டியின் கண்டக்டர் படியில் நின்று கத்தினார்.

"கொளஞ்சியப்பன்னு யாருய்யா? வண்டி கெளம்புது, ஏறு."

பாதி சோடாவை விட்டுவிட்டு ஓடி ஏறினார். ஜன்னலோரம் விருத்தாம்பாள், மடியில் ஸ்டவ்.

"கண்டக்டருக்கு என் பேரு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன் மாமா. நீங்க நிக்கிறது தெரியாம வண்டியை எடுக்கப் பாத்தாரு."

"நீ சொன்னியா? வாயால?"

"ஆமா."

"அப்ப சபையில ஏன் சொல்லலை?"

விருத்தாம்பாள் ஸ்டவ்வின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"அங்க சொல்லியிருந்தா இது நம்ம வீட்டுக்கு வந்திருக்குமா மாமா?"