அத்தர் ராவுத்தர் எண்ணிய பிறைகள்

“எப்பப் பொறந்தோம்னே தெரியல, நீ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரப் போறியாக்கும்!” என்றார் என் தாய்மாமன். எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துப் படித்தவள் நான், சுருக்கென்றது. ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் உபாத்தியாயினி பயிற்சிக்குச் சேரப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் கையெழுத்திட்ட சீட்டும் வேண்டும். எங்கள் வீட்டிலோ எனக்கு ஜாதகம் கிடையாது. இந்த வருஷம் சேராவிட்டால் தாலிதான் என்று மாமன் நாள் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

தெருத்தெருவாக அத்தர் விற்கும் ராவுத்தரிடம் ஓடினேன். இராஜபாளையத்தில் எவருக்காவது வயது என்று ஒன்று இருந்தால் அது அவர் கொடுத்ததுதான். பிள்ளை பிறந்த வீடெல்லாம் அத்தர் கொண்டுபோவார். அது பக்ரீத்துக்கு எத்தனை நாள் முன், பின் என்று மனதில் முடிந்து வைத்துக்கொள்வார். பிறகு கேட்காதவர்களுக்கும் வயது சொல்வார்.

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு இருபத்தாறு என்றார்கள். அங்கே வந்த ராவுத்தர், “நானூத்தியெட்டு பௌர்ணமி பாத்தவுகளாச்சே! முப்பத்துநாலுல்ல!” என்றார். வந்தவர்கள் பலகாரத்தைத் தொடாமல் வண்டி பூட்டினார்கள்.

இன்னொரு முறை, “உங்களுக்கு அறுபது முடிஞ்சிருச்சு” என்று ராஜு குலத்துப் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டார். பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, அறுபதாம் கல்யாணத்துக்கு அடுப்பு மூட்டியாயிற்று. புரோகிதர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பிறந்த வருஷத்தின் பெயர் திரும்பி வர இன்னும் இரண்டு வருஷம் கிடக்கிறது என்றார். ராஜு அடுப்பைப் பார்த்தார். “பாயசம் கொதிச்சாச்சு. வயசு பொறவு வரட்டும், எல்லாரும் உக்காருங்க!”

என்னைப் பார்த்ததும் ராவுத்தர் விரல் மடக்கினார். “நீ பொறந்தது பக்ரீத்துக்கு மறுநாளு. உங்க அய்யன் சந்தோசத்துல என் பெட்டியத் தட்டிவிட்டு, தெருவே மூணு நாள் மணத்துச்சு தாயி! போன பக்ரீத்தோட பதினெட்டு.” சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அதைக் காட்டியபோது அம்மா சொன்னாள்: “நீ பொறந்தப்ப ஐப்பசி மழை. கூரை ஒழுகி, ஒன்ன நெல்லுப் பொடைக்கிற சுளகால மூடி வச்சேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வருஷ பக்ரீத் பங்குனி வெயிலில் அல்லவா வந்தது! ராவுத்தர் எண்ணியது பிறை வருஷம். நம் வருஷத்தைவிட அது பதினோரு நாள் குறைவு. பதினெட்டு வருஷத்துக்குக் கழித்தால் எனக்கு இன்னும் ஆறரை மாதம் போதாது.

வாயை மூடிக்கொண்டால் பள்ளி, திறந்தால் தாலி. ஆனால் தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டுக் கணக்குச் சொல்லித்தர எனக்கு மனம் வரவில்லை. திரும்ப ராவுத்தரிடம் போய்ச் சொன்னேன்.

“எந்த வருசக் கணக்குன்னு ஊருல ஒருத்தரும் கேக்கலையே தாயி!” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப என் அறுபத்தாறு வயசு?”

“அறுபத்தாறு இல்லை மாமா. எங்க கணக்குல அறுபத்துநாலுதான்.”

“ரெண்டு வருசமா! ஏட்டி, அம்புட்டையும் எனக்கா தாரே?”

சீட்டைக் கிழித்துவிட்டு, பெட்டியோடு நேரே என் மாமனிடம் போனார். “ஐப்பசி வரைக்கும் பொறுங்க. இல்லேன்னா ஒங்க வயச கடைத்தெருவுல சொல்லுதேன்.”

மாமனின் மீசை அந்த வாரம்தான் கறுப்பாகியிருந்தது. அவர் பொறுத்தார்.

ஐப்பசியில் ராவுத்தர் புதுச் சீட்டு எழுதினார். விண்ணப்பத்தில் பதினெட்டு என்று நிரப்பினேன். அதன் கீழே, யாரும் கேட்காமலே, ‘பிறைக் கணக்கில் பதினெட்டு வருஷம் ஆறரை மாதம்’ என்றும் எழுதி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிவிட்டேன். எனக்காக ஒருவர் அத்தனை வருஷம் எண்ணியிருக்கிறார். அதை விட்டுவிட மனம் வரவில்லை.